ஓனிக்ஸ் மீது மின்சாரம் பாயுமா?

சிங்கப்பூரில் பிள்ளைகளைத் தமிழில் பேச வைக்கப் பெற்றோர் எடுக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை, பெரியவருக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதாகவே முடிந்துவிடுகின்றன. பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும், தலையாட்டும், கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் தரும். எங்கள் வீட்டில் இந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டது போகிமான் கார்ட்டூன் தொடரின் ஐந்தாவது அங்கம். என் மகனுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த, எனக்கு அரைகுறையாகக்கூடத் தெரியாத ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து பிறந்த தொடர் அது. அறிந்தவன் அவன், கேட்பவள் நான் என்று இடம் மாறியதும் பேச்சும் நீண்டது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று குறிப்பிட்ட சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று நானும் என் கணவரும் சொல்லிக்கொள்கிறோம். பெரியவர்கள் தமக்குள் பேசுவது தமிழ், பிள்ளைகள் தமக்குள் பேசுவது ஆங்கிலம் என்பதே நடைமுறை. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் அக்காள் மகள், மேல்மாடியில் வசிக்கும் ஒரு சிறுவன் ஆகிய மூவரும் சனிக்கிழமைப் பிற்பகல்களில் எங்கள் வீட்டில் சேர்வார்கள். தொடக்கநிலை ஆறின் இறுதியில் எழுத வேண்டிய தமிழ்த் தேர்வில் வாய்மொழிக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. மாணவர் ஒரு சிறு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தேர்வாளரோடு உரையாட வேண்டும். அதற்குப் பயிற்சியாகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் காணொளிகளில் யாராவது நடைபாதையில் குப்பை போடுவார், அல்லது பேருந்தில் முதியவருக்கு இடம் கொடுப்பார். "அவர் செய்தது நல்ல செயல்" என்பதற்கு மேல் சொல்ல அதில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போகிமான் விளையாட்டு 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்தது. தொடரின் முதல் அங்கம் 1997 ஏப்ரல் 1ஆம் தேதி டிவி டோக்கியோவில் ஒளிபரப்பானது. விளையாட்டில் நாயகன் பேசுவதே இல்லை. பிள்ளையின் விரல்தான் அவனுக்குக் குரல். போகிமான்கள் என்பவை பழக்கி மோதவிடும் கற்பனை உயிரினங்கள். பேராசிரியர் ஓக் முன்வைக்கும் மூன்று போகிமான்களில், அதாவது புல் வகையான புல்பசார், நெருப்பு வகையான சார்மாண்டர், நீர் வகையான ஸ்குவர்ட்டில் ஆகியவற்றில், ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் புறப்படுவான். தொடரை இயக்கிய குனிஹிகோ யுயாமாவும் முதல் அங்கத்தை எழுதிய தகேஷி ஷுடோவும் அந்த ஊமை நாயகனுக்கு ஒரு பெயரும், தூங்கி எழத் தாமதமாகும் பழக்கமும் கொடுத்தார்கள். அவன் போய்ச் சேர்வதற்குள் மூன்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட, அடம்பிடிக்கும் மின்சார வகைப் பிக்காச்சுதான் மிஞ்சுகிறது. ஜப்பானில் அவன் பெயர் சடோஷி, விளையாட்டை உருவாக்கிய சடோஷி தஜிரியின் பெயர். நம் பிள்ளைகளுக்கு அவன் ஆஷ்.

நான் தேர்ந்தெடுத்த ஐந்தாவது அங்கத்தில், ஆஷ் பியூட்டர் நகரத்து ஜிம்முக்கு, அதாவது போகிமான்களை மோதவிடும் அரங்கத்துக்கு, சென்று அதன் தலைவனான ப்ராக்குடன் மோதுகிறான். ப்ராக்கிடம் இருப்பது ஓனிக்ஸ் என்னும், பாறைகளை வரிசையாகக் கோத்தது போன்ற பெரும்பாம்பு. முதல் மோதலில் ஓனிக்ஸ் பிக்காச்சுவைச் சுற்றி வளைத்து இறுக்க, ஆஷ் தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறுகிறான். ஃப்ளின்ட் என்னும் கல் வியாபாரி அவனைக் கைவிடப்பட்ட ஒரு நீர்மின் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல, ஆஷ் தானே சக்கரத்தை ஓடிச் சுழற்றிப் பிக்காச்சுவுக்கு மின்சாரம் ஏற்றுகிறான். இரண்டாவது மோதலில் பிக்காச்சு பாய்ச்சிய மின்னல் அரங்கத்தில் தீ மூட்டிவிட, கூரையிலிருக்கும் தீயணைப்புத் தெளிப்பான்கள் தண்ணீரைக் கொட்டுகின்றன. நனைந்து தளர்ந்த ஓனிக்ஸ் மீது மின்சாரம் பாய்கிறது. ஆட்டத்தை முடிக்க வேண்டிய நேரத்தில் ப்ராக்கின் தம்பி தங்கைகள் ஓடிவந்து ஆஷைப் பிடித்துக்கொள்கிறார்கள். தெளிப்பான் திறந்தது தற்செயல், இதை வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று அவன் விலகிப் போகிறான். பிறகு ப்ராக் பின்தொடர்ந்து வந்து வெற்றியின் அடையாளமான பேட்ஜைக் கொடுத்துவிடுகிறான்.

இந்த அங்கத்தை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், என் மகன் இதே ஜிம்மை ஸ்விட்ச் கருவியில் 'லெட்ஸ் கோ, பிக்காச்சு!' விளையாட்டில் பலமுறை கடந்திருக்கிறான் என்பதுதான். பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவதும் இதுவே. பிள்ளை விளையாடி முடித்த இடத்தைக் காட்டும் அங்கத்தை எடுங்கள். விளையாட்டையே அறியாத பிள்ளைக்கு இது இன்னொரு கார்ட்டூன்தான். விளையாடிய பிள்ளையோ வழக்கறிஞராக மாறிவிடும்.

தெளிப்பான் காட்சியில் நான் படத்தை நிறுத்தினேன். நான் எதையும் கேட்பதற்கு முன்பே என் மகன் எழுந்து நின்றுவிட்டான்.

"அம்மா, இது தப்பு. ஓனிக்ஸ் பாறை டைப் மட்டும் இல்ல, நிலம் டைப்பும்தான். எலெக்ட்ரிக் அட்டாக் அது மேல வேலையே செய்யாது."

"தண்ணி பட்டாச்சுல்ல, இப்ப வேலை செய்யும்," என்றான் மேல்மாடிச் சிறுவன்.

"கேம்ல தண்ணி பட்டாலும் ஸீரோதான்!"

"நெஜத்துல பாயும் சித்தி," என்று அக்காள் மகள் என்னிடம் முறையிட்டாள். "சயின்ஸ்ல படிச்சோம். ஈரமா இருந்தா கரண்ட் பாயும். கேம்தான் தப்பு, கார்ட்டூன் சரி."

விளையாட்டின் விதிப்படி பார்த்தால் என் மகன் சொல்வதே சரி. மின்சார வகைத் தாக்குதல் நில வகைப் போகிமானுக்குச் சற்றும் சேதம் விளைவிக்காது, தண்ணீர் பட்டிருந்தாலும் அந்த விதி மாறாது. ஆனால் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை, எனக்கு விளங்கும்படி மூன்று பேரும் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். "ஏன்", "எப்படித் தெரியும்", "அப்படியென்றால் அவன் என்ன செய்திருக்க வேண்டும்" ஆகிய மூன்று கேள்விகளே அன்று முழுவதும் போதுமானவையாக இருந்தன. "உனக்குப் பிடித்திருந்ததா", "எந்தக் காட்சி அழகாக இருந்தது" என்ற வகைக் கேள்விகளை நான் தவிர்த்துவிடுகிறேன். "நல்லா இருந்துச்சு" என்ற பதில் ஆயத்தமாகக் காத்திருக்கும் கேள்விகள் அவை. விதியைப் பற்றிக் கேட்டால் பிள்ளை காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லத் தொடங்கினால் "ஏனென்றால்", "இருந்தாலும்", "அப்படி இல்லாவிட்டால்" எல்லாம் வந்துதான் தீரும். பயிற்சித்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பக் கேட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் அதே பிள்ளைகள் இவற்றைத் தாமாகவே சரியான இடத்தில் போட்டுப் பேசினார்கள்.

விவாதம் அத்தோடு நிற்கவில்லை. 'லெட்ஸ் கோ' விளையாட்டில் பியூட்டர் ஜிம்மின் வாசலில் ஒருவர் நிற்பார், புல் வகையோ நீர் வகையோ சேர்ந்த ஒரு போகிமானைக் காட்டினால்தான் உள்ளே விடுவார் என்று என் மகன் விளக்கினான். பிக்காச்சுவை மட்டும் நம்பி வருகிறவர் தோற்றுப்போகக்கூடாது என்பதற்காக விளையாட்டை அமைத்தவர்கள் செய்த ஏற்பாடு அது. அப்படியானால் ஆஷை யார் உள்ளே விட்டார்கள் என்று அவன் கேட்ட கேள்விக்கு, மூவரில் சிறியவனான மேல்மாடிச் சிறுவன் உடனே பதில் வைத்திருந்தான்: "உள்ள விடாட்டி கதையே இல்லல்ல?" எட்டு, ஒன்பது வயதில் இதைவிடத் தெளிவாக ஒருவர் கதை இலக்கணம் பேசிவிட முடியாது. விளையாட்டில் தோல்வி என்பது ஒரு சிறு தடை, மருத்துவமனைக்குப் போய்ப் போகிமானைக் குணப்படுத்திக்கொண்டு மீண்டும் வரலாம். அதனால் தோற்காமல் இருக்க வழி சொல்வதே அதன் வேலை. தொடருக்கோ தோல்விதான் முதலீடு. ஆஷ் தோற்க வேண்டும், அவமானப்பட வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டும். இதை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்களே ஏறக்குறைய அங்கு வந்து சேர்ந்துவிட்டபோது நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

கலப்பு மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. டைப், அட்டாக், ஜிம், பேட்ஜ் போன்றவற்றை நான் திருத்துவதில்லை. விளையாட்டின் கலைச்சொற்கள் அவை, அவற்றுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தால் பேச்சு அறுந்துவிடும். நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம், வினை தமிழில் இருக்க வேண்டும். "ஓனிக்ஸ் பிக்காச்சுவை ஸ்க்வீஸ் பண்ணுச்சு" என்று சிறியவன் சொன்னால், மற்ற இருவரும் வினை கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். இறுக்கியது, நசுக்கியது, நெரித்தது, சுருட்டிப் பிடித்தது என்று நான்கு கிடைத்த பிறகு, திரையில் நடப்பதற்கு எது பொருந்தும் என்று மறுபடியும் ஒரு சண்டை நடக்கும். இதற்கு உதவியாக, முழு அங்கத்தையும் ஒருமுறை ஆங்கில ஒலியோடு பார்த்த பிறகு, மோதல் காட்சியை மட்டும் ஒலியை நிறுத்தி ஓடவிட்டு, கால்பந்து வருணனை போல ஒருவர் மாற்றி ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். படம் ஓடிக்கொண்டே இருப்பதால் சொல் தேடி நிற்க நேரமில்லை. முதலில் திணறினாலும், இரண்டாம் முறை ஓடவிட்டபோது வாக்கியங்கள் முழுமையாக வந்தன. ஓர் அங்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் என்பதால், இப்படித் திரும்பப் பார்த்தாலும் பிற்பகல் முழுவதும் போய்விடாது.

எல்லாவற்றையும்விட வளமாக அமைந்தது அங்கத்தின் கடைசிப் பகுதிதான், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ப்ராக்குக்குப் பத்துத் தம்பி தங்கைகள். சமைப்பதும் துணி தைப்பதும் அவன்தான். வீட்டை விட்டுப் போன தந்தை திரும்பி வராததால், போகிமான் வளர்ப்பாளனாக வேண்டும் என்ற தன் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு அங்கேயே கிடக்கிறான். கல் வியாபாரி ஃப்ளின்ட் தன் ஒட்டுத்தாடியைக் கழற்றிவிட்டு, நான்தான் அந்தத் தந்தை, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து நிற்கும்போது, ப்ராக் அழுதுகொண்டு கட்டிப்பிடிப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் என்னென்ன செய்ய வேண்டும் என்று மூச்சுவிடாமல் ஒரு பட்டியலை ஒப்பிக்கத் தொடங்குகிறான். தந்தை எழுதிக்கொள்ள முடியாமல் தடுமாறுகிறார். இந்தக் காட்சி விளையாட்டில் இல்லை. விளையாட்டின் ப்ராக்கிடம் இருப்பவை இரண்டு போகிமான்களும் சில வரி வசனமும்தான்.

ஒலியை நிறுத்திவிட்டு, ப்ராக் என்ன சொல்கிறான் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். அதுவரை வகைகளையும் விதிகளையும் பற்றி ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் வாயிலிருந்து திடீரென்று வேறொரு தமிழ் வந்தது. "ராத்திரி தயிர் குடுக்காதீங்க, சளி பிடிக்கும்." "பாத்ரூம் லைட்ட அணைச்சிட்டு வரச் சொல்லுங்க." "சின்னவன் தூங்கறப்ப விரல் சூப்புவான், எடுத்து விடுங்க." "ரைஸ் குக்கர் ப்ளக்க பிடுங்கிட்டுப் போங்க." இவை அனைத்தும் என் அம்மா, என் அக்காள், மேல்மாடிப் பாட்டி ஆகியோர் எப்போதாவது ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு சொல்பவை. பிள்ளைகள் பேசுவதில்லையே தவிர, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அக்காள் மகள் தன் அம்மாவின் குரலையே எடுத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, "சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று முடித்தபோது, சமையலறையிலிருந்த என் கணவர் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

ஆகவே, இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், மோதல் காட்சியோடு நிறுத்திவிடாமல், விளையாட்டில் இல்லாத ஒன்றைத் தொடர் புதிதாகச் சேர்த்த இடத்தைத் தேட வேண்டும். விளையாட்டும் தொடரும் முரண்படும் இடத்தில் பிள்ளை வாதிடுகிறது. விளையாட்டு சொல்லாமல் விட்டதைத் தொடர் நிரப்பும் இடத்தில் பிள்ளை கற்பனை செய்கிறது. இரண்டுக்கும் தேவைப்படும் தமிழ் வேறு வேறு.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் வைத்திருக்கிறேன். 1998 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த போகிமான் மஞ்சள் பதிப்பு, தொடரைப் பார்த்து மாற்றியமைக்கப்பட்ட விளையாட்டு. அதில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. பிக்காச்சுதான் கிடைக்கும், போகிமான்களை அடைத்துவைக்கும் பந்துக்குள் அது போகாமல் பின்னாலேயே நடந்து வரும், உருமாற்றும் மின்கல்லைக் கொடுத்தாலும் உருமாற மறுக்கும். தொடரில் வரும் ராக்கெட் கூட்டத்து வில்லன்களான ஜெஸ்ஸியும் ஜேம்ஸும்கூட அதில் வருவார்கள். அந்த மஞ்சள் பதிப்பைப் புதுப்பித்து 2018 நவம்பரில் வந்ததுதான் என் மகன் விளையாடும் 'லெட்ஸ் கோ, பிக்காச்சு!'. கார்ட்டூன் தன் விளையாட்டைத் தப்பாகக் காட்டுகிறது என்று வாதிட்டவனிடம், உன் விளையாட்டே கார்ட்டூனைப் பார்த்து உருவானதுதான் என்றபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அப்படியானால் நிலம் வகை விதியை மட்டும் ஏன் கார்ட்டூன்படி மாற்றவில்லை என்று கேட்டான். நல்ல கேள்வி. பிக்காச்சுவின் குணத்தை மாற்றினால் விளையாட்டு கெடாது, விதியை மாற்றினால் கெட்டுவிடும் என்று அக்காள் மகள் சொன்ன பதில் அதைவிட நன்றாக இருந்தது.

பார்க்கும் முறையைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு இருக்கிறது. திரையரங்கு போல இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் திரைச்சீலைகளை மூடி விளக்கையும் அணைக்கச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. 1997 டிசம்பர் 16ஆம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பான இதே தொடரின் 38வது அங்கத்தில், சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால் வலிப்பும் மயக்கமும் குமட்டலும் ஏற்பட்டு 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டு, 1998 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த அங்கம் அதன்பின் எங்கும் மறுஒளிபரப்பாகவில்லை. அறையை வெளிச்சமாக வைத்துக்கொண்டு திரையிலிருந்து தள்ளி அமர்ந்து பாருங்கள் என்ற அறிவிப்பு ஜப்பானியக் கார்ட்டூன்களின் தொடக்கத்தில் இடம்பெறுவதற்குப் பின்னால் இந்த நிகழ்வு இருக்கிறது. இப்போதைய ஒளிபரப்புகளில் மின்னல் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்றாலும், விளக்கு எரிவதால் நமக்கு நட்டமில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவும் வெளிச்சம் வேண்டும் அல்லவா?

மூன்று பிள்ளைகள் என்பது பொருத்தமான எண்ணிக்கை என்பதும் என் அனுபவம். இருவர் மட்டும் இருந்தால், ஒருவர் விட்டுக்கொடுத்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றாமவர் இருந்தால் தோற்றவருக்கு ஒரு துணை கிடைக்கிறது. அக்காள் மகளின் தோழிகள் இருவர் ஒருமுறை சேர்ந்துகொண்டபோது ஐவரும் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார்கள், கூட்டம் கூடினால் மொழியைத் தீர்மானிப்பது கூட்டம்தான். குறிப்பேடு, மதிப்பெண், பரிசு எதையும் நான் கொண்டுவரவில்லை. எழுதச் சொன்னால் இது வகுப்பு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

விளையாட்டிலிருந்து உருவான எல்லாத் தொடர்களும் இதற்கு ஏற்றவை அல்ல. 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' விளையாட்டிலிருந்து பிறந்து 2021 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'ஆர்கேன்' மிகத் தேர்ந்த படைப்பு. அதில் வரும் அக்காள் தங்கை இருவரின் பிரிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் அதிலுள்ள வன்முறை தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு உரியதல்ல. உயர்நிலைப்பள்ளி மாணவர்களோடு பார்க்கலாம். 'கப்ஹெட்' விளையாட்டிலிருந்து 2022இல் வந்த தொடரின் அங்கங்கள் சிறியவை, வேடிக்கையானவை. விளையாட்டில் உயிரை வாங்கும் எதிரிகள் தொடரில் அண்டை வீட்டுக்காரர்களைப் போல நடந்துகொள்வதைப் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பேசலாம். இருந்தாலும் அந்த விளையாட்டு மிகக் கடினமானது என்பதால், அதைக் கடைசிவரை ஆடிய பிள்ளைகள் குறைவு, பேச ஆளும் குறைவு. போகிமானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கைபேசியோடு வெளியே நடந்து போகிமான் பிடிக்கும் விளையாட்டான போகிமான் கோ 2016 ஆகஸ்ட்டில் இங்கு வந்தபோது ஹவ்காங் புளோக் 401 பக்கம் இரவெல்லாம் கூட்டம் நின்றதைப் பார்த்த பெற்றோரும், ஜுவல் சாங்கியில் இருக்கும் போகிமான் சென்டரில் வரிசையில் நின்ற தாத்தா பாட்டிகளும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும் பிக்காச்சுவையாவது தெரிந்திருக்கும்.

அடுத்து நாங்கள் பார்த்தது ஏழாவது அங்கம். செருலியன் நகரத்து ஜிம்மில், அதை நடத்தும் சகோதரிகளில் ஒருத்தியான மிஸ்டியோடு ஆஷ் மோதிக்கொண்டிருக்கும்போது ராக்கெட் கூட்டத்தார் சுவரை உடைத்துக்கொண்டு வர, பிக்காச்சு அவர்களை விரட்டிவிடுகிறது. ஆட்டம் முடியாமலேயே மிஸ்டியின் அக்காள்கள் ஆஷுக்குப் பேட்ஜைக் கொடுத்துவிடுகிறார்கள். மேல்மாடிச் சிறுவன் திரையைக் காட்டி, "இவனுக்கு எல்லா பேட்ஜும் சும்மாவே கிடைக்குது ஆன்டி, நான் எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது, சொல்லு என்றேன். அவன் விளையாட்டில் மிஸ்டியின் போகிமானான ஸ்டார்மியை வீழ்த்திய கதையைத் தொடங்கினான், என் மகன் இடையிடையே திருத்திக்கொண்டிருந்தான், இரவு உணவுக்குக் கூப்பிட அவன் பாட்டி கீழே இறங்கி வரும்வரை அது முடியவில்லை.